ஜெகில்-ஹைடு: எந்த டிஸ்க் வாங்குவது?

கேள்வி: பிரெட்ரிக் மார்ச் நடித்த ‘டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைடு’ பார்க்க ஆசைப்பட்டு, இணையத்தில் மலிவாக ஒரு டிவிடி வாங்கினேன். போட்டுப் பார்த்தால் மௌனப்படம்! அதுவும் ஒரே மங்கல். சரியான டிஸ்க்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உங்களுக்கு வந்தது பெரும்பாலும் ஜான் பேரிமோரின் 1920 படமாக இருக்கும். அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை முடிந்துபோனதால், கைக்குக் கிடைத்த பிரதியை யாரும் டிஸ்க்கில் போட்டு விற்கலாம். படம் மோசமில்லை, ஜெகில் முதன்முதலாக ஹைடாக மாறும் காட்சியின் தொடக்கத்தில் மேக்கப்பே இல்லாமல் முகத்தைக் கோணியே மிரட்டுவார் பேரிமோர். ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லையே.

ஸ்டீவன்சனின் 1886 குறுநாவலை இதே பெயரில் பலர் எடுத்திருக்கிறார்கள். அதனால் தலைப்பை விடுங்கள், ஆண்டையும் நடிகரையும் பாருங்கள். உங்களுக்கு வேண்டியது ரூபன் மமூலியன் இயக்கிய 1931 படம், மார்ச்சுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. 1941இல் ஸ்பென்சர் டிரேசியை வைத்துக் கதையை மறுபடி எடுத்த எம்ஜிஎம் ஸ்டுடியோ, இந்தப் படத்தின் உரிமையையும் வாங்கிப் பல வருடம் முடக்கிவைத்தது. அதற்கு முன்பே, 1930களில் மறுவெளியீட்டின்போது, தணிக்கைக்காகச் சில நிமிடங்களை வெட்டியிருந்தார்கள். ஆகவே அட்டையில் ஓடும் நேரம் 95 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் யோசியுங்கள்.

இந்தப் படத்துக்கு மட்டும் மலிவுப் பிரதி வேண்டாம் என்பேன். மார்ச்சின் முகத்தில் வண்ண மேக்கப் போட்டு, லென்ஸுக்கு முன்னால் வண்ண ஃபில்டர்களை மாற்றினார்கள். கறுப்பு-வெள்ளைச் சுருளில், அதுவரை தெரியாத கோடுகள் வெட்டே இல்லாமல் முகத்தில் கறுத்து எழும். வித்தை முழுக்கச் சாம்பல் நிறத்தின் நுணுக்கத்தில்தான் இருக்கிறது. மங்கலான பிரதியில் அது வெறும் அழுக்காகத் தெரியும்.

வார்னர் 2004இல் வெளியிட்ட டிவிடியில் 1931, 1941 இரண்டு படங்களும் உண்டு. ஆனால் டிவிடிகளை நாடுவாரியாகப் பூட்டும் மண்டலக் குறியீட்டில் அது அமெரிக்காவின் மண்டலம் 1. இந்திய பிளேயர்கள் மண்டலம் 5, அதனால் இங்கே ஓடாமல் போகலாம். அப்புறம் 1931 படத்துக்கு 2022இல் வந்த வார்னர் ஆர்க்கைவ் புளூரே; என் ஓட்டு அதற்குத்தான். உங்கள் பிளேயரில் ஓடுமா என்று விற்பவரிடம் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள்.

நீங்கள் வாங்கிய டிவிடியின் விற்பனைப் பக்கத்தில் மார்ச் பெயரோ 1931 என்றோ இருந்தால், உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.