சிறு சாடியில் இளவேனிற் பூக்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் மொட்டை மாடித் தொட்டிகளில் தை மாதம் விதைத்த ஜினியா, பங்குனியிலிருந்து விடாமல் பூக்கிறது. ரோஜாவும் நந்தியாவட்டையும் சம்பங்கியும் உண்டு. பூஜைக்குப் போக மீதமிருப்பதை ஒரு டம்ளர் தண்ணீர் கொள்ளும் சின்னப் பீங்கான் சாடியில் வைக்கிறேன். காலையில் அழகாக இருக்கும் பூக்கள் மாலைக்குள் தலை சாய்ந்துவிடுகின்றன. என் கைராசிதான் காரணமா, அம்மா?
— வாசகி, மதுரை

பதில்: கைராசிக்கு இதில் வேலையில்லை. பூவை எத்தனை மணிக்குப் பறிக்கிறீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. சமையலும் பூஜையும் முடிந்து, ஒன்பது மணி வெயிலில் மாடிக்குப் போகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். இரவு முழுவதும் வேர் இழுத்த நீர் தண்டில் நிறைந்திருப்பது விடியற்காலையில்தான். வெயில் ஏற ஏற இலைகளின் வழியே அந்த நீர் வெளியேறிவிடுவதால், அதன்பின் வெட்டும் பூ தாகத்தோடுதான் வீட்டுக்குள் வருகிறது. ஆகவே மதுரையின் சித்திரை வெயிலுக்கு ஆறு மணிக்கே மாடியேறிவிடுங்கள். கையோடு அரை வாளித் தண்ணீரும் கொண்டுபோய், வெட்டிய பூவை அப்போதே அதில் நிறுத்துங்கள்.

இரண்டாவது காரணம் உங்கள் சாடியின் அளவு. சிறு சாடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பூக்களின் உயரத்தையும் நிறத்தையும் பேசுவார்களேயொழிய, அதிலுள்ள தண்ணீரைப் பேசுவதில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் ஏழெட்டுத் தண்டுகளை நிறுத்தி மின்விசிறிக்குக் கீழே வைத்தால், மதியத்துக்குள் நீர்மட்டம் சில தண்டுகளின் அடிக்குக் கீழே இறங்கிவிடும். அப்போது தண்டின் நுண்குழாய்களுக்குள் காற்று புகுந்து அடைத்துக்கொள்வதால், பிறகு நீங்கள் சாடியை நிரப்பினாலும் தண்ணீர் மேலே ஏறாது. அப்படிச் சாய்ந்த ரோஜாவைத் தூக்கி எறிய வேண்டாம். ஓர் அகலப் பாத்திரத்து நீருக்குள் தண்டை அமிழ்த்தி, நீருக்குள்ளேயே அடியில் ஓர் அங்குலம் சாய்வாக வெட்டிவிட்டு, கழுத்துவரை செய்தித்தாளைச் சுற்றி, இளஞ்சூடான நீரில் ஒரு மணி நேரம் நிறுத்தி வையுங்கள், பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

ஜினியாவைப் பறிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். கழுத்து துவண்டு பூ மட்டும் தனியே ஆடினால் அது இன்னும் முற்றவில்லை. எந்தச் சாடியில் வைத்தாலும் தலை தொங்கும். தண்டு முழுவதும் குச்சிபோல விறைப்பாக ஆடினால் பறிக்கலாம். ஜினியாவின் மயிரடர்ந்த தண்டு தண்ணீரை விரைவில் கலங்கச் செய்யும் என்பதால், நீருக்குள் ஓர் இலைகூட இருக்கக் கூடாது. நந்தியாவட்டையைக் கிள்ளினால் பால் வடியும். அதைத் தனி டம்ளரில் அரை மணி நேரம் நிறுத்திப் பால் நின்றபின் மற்றவற்றோடு சேர்க்கலாம். ஆனால் சேர்க்கும்போது மறுபடி நுனியை வெட்டினால் பால் மீண்டும் வடியும். சம்பங்கியை மட்டும் இந்தச் சாடிக்குக் கொண்டுவராதீர்கள். அதன் நெடிய கதிர் சின்னச் சாடியைக் கவிழ்த்துவிடும். கனமான பித்தளைச் செம்பில் தனியாக நிற்கட்டும்.

இனி அடுக்கும் முறை. சாடியின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் பூ எழும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு அங்குலச் சாடி என்றால், அதன் விளிம்புக்கு மேல் ஆறு அங்குலம் போதும். மிக உயரமான ஜினியாவை முதலில் சற்றே சாய்த்து வையுங்கள். அடுத்ததை அதைவிடக் குட்டையாக எதிர்ப்பக்கம் சாய்த்து வையுங்கள். ரோஜா கழுத்து விளிம்பில் படும்படி முன்னால் தாழ்ந்திருக்கட்டும். பின்னால் தெரியும் இடைவெளியில் நந்தியாவட்டை ஒரு கிளை. மொத்தம் ஐந்து தண்டைத் தாண்ட வேண்டாம். ஆறாவதைச் செருகக் கை துறுதுறுக்கும். அதை சாமி படத்துக்கு வைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்தோட்டத்தில் ஏப்ரல் மாதம் டாஃபடிலும் டியூலிப்பும் சேர்ந்து பூக்கின்றன. மஞ்சளும் சிவப்பும் அழகாக இருக்குமே என்று ஒரே குவளையில் வைத்தேன். டியூலிப் மட்டும் விரைவிலேயே வாடிவிட்டது. டாஃபடில் பறித்த விரல்களில் அரிப்பு வேறு.
— வாசகர், லண்டன்

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றே. டாஃபடிலின் தண்டை வெட்டினால் வழவழப்பான ஒரு சாறு வடியும். அது தண்ணீரில் கலந்து மற்றப் பூக்களின் தண்டுகளை அடைக்கிறது. டியூலிப் அதனால் எளிதில் பாதிக்கப்படுகிறது. தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் சிவப்பும் உண்டாகும். இங்கிலாந்தில் பூப்பறிக்கும் தொழிலாளர்களிடையே இது பழைய தொல்லை, கையுறை அணிந்துகொள்ளுங்கள். மொட்டு வாத்தின் கழுத்தைப்போல் வளைந்து, மஞ்சள் நிறம் தெரியத் தொடங்கும்போதே டாஃபடிலைப் பறித்துத் தனிப் பாத்திரத்தில் ஓர் இரவு நிறுத்துங்கள். மறுநாள் தண்டை அலசிவிட்டு, நுனியை மறுபடி வெட்டாமல் டியூலிப்புடன் சேர்க்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டியூலிப் வெட்டியபின்னும் வளரும். வெளிச்சத்தை நோக்கி வளையவும் செய்யும். முதல் நாள் நீங்கள் அளந்து வைத்த உயரம் மூன்றாம் நாள் மாறியிருக்கும். எனவே முதலில் டாஃபடிலைவிடக் குட்டையாக வெட்டி, சன்னலோரத்தில் வைத்தால் தினமும் குவளையைக் கால் சுற்று திருப்பி வையுங்கள். அந்த வளைவே அழகு என்று தோன்றினால் திருப்பாமல் விட்டாலும் குற்றமில்லை. நான் விட்டுவிடுகிற கட்சி.

கேள்வி: சாடித் தண்ணீரில் சர்க்கரை, ஆஸ்பிரின், செப்புக்காசு போடலாம் என்கிறார்களே?
— வாசகி, சேலம்

பதில்: சர்க்கரை பூவுக்கு உணவுதான், ஆனால் கிருமிகளுக்கும் அதுவே உணவு. கிருமியைத் தடுக்கும் பொருள் சேராமல் வெறும் சர்க்கரையைப் போட்டால் தண்ணீர் நாறும். செப்புக்காசுக்கு எங்கே போவீர்கள்? இன்றைய ஒரு ரூபாய் நாணயம் துருப்பிடிக்காத எஃகு. ஆஸ்பிரினைத் தலைவலிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிறு சாடிக்கு இவை எதுவும் தேவையில்லை. தினமும் தண்ணீரைக் கொட்டி, சாடியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, பாலோ சாறோ வடியாத பூக்களின் தண்டில் அரை அங்குலம் வெட்டி, புதுத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

இந்தப் பருவத்தில் உங்கள் ஊர் மாம்பழத் தட்டுக்குப் பக்கத்தில் சாடியை வைக்காதீர்கள். பழுக்கும் பழங்கள் வெளிவிடும் எத்திலீன் என்னும் வாயு பல பூக்களை விரைவில் முதுமையடையச் செய்யும்.

கேள்வி: செம்பருத்தி ஏன் ஒரு நாள்கூடத் தாங்குவதில்லை?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: அது செடியிலேயே பெரும்பாலும் ஒரு நாள்தான். தண்ணீரில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அதற்கு ஏறத்தாழ ஒரே ஆயுள் என்பதால், சாடியை மறந்துவிட்டு, காலையில் ஒரு வெண்கலத் தட்டில் நான்கைந்தை அப்படியே பரப்பி வையுங்கள். பொழுது சாயும்போது சுருண்டுவிடும். எடுத்து நிழலில் உலர்த்தினால் தலைக்குக் காய்ச்சும் எண்ணெய்க்கு ஆகும்.