கடலோர வீடும் 15 வயது சான்ட்ரோவும்

(கேள்வி – பதில் பகுதி. பதில் சொல்பவர் கடலூர் முதுநகரில் பல வருடம் கார் பட்டறை நடத்தியவர்.)

கேள்வி: ஐயா, நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். கணவர் ஓய்வு பெற்றுவிட்டதால் காலி செய்ய வேண்டும். மூன்று வீடு பார்த்து வைத்திருக்கிறோம். முதல் வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்குப் பக்கத்தில். காற்று பிய்த்துக்கொண்டு போகிறது, வாடகையும் குறைவு. அடுத்தது கடலூரிலேயே மஞ்சக்குப்பத்தில் ஒரு சந்துக்குள். மூன்றாவது புதுச்சேரி லாஸ்பேட்டையில். கணவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஜிப்மரில் செக்கப் உண்டு. 2011இல் வாங்கிய சான்ட்ரோ கார் இருக்கிறது, 70,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. "15 வருஷம் ஆனா ஸ்கிராப்தான், இப்பவே தள்ளிவிடுங்க" என்கிறான் மகன். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, நெய்வேலி

பதில்: அம்மா, முதலில் உங்கள் மகனுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். டீசல் வண்டிக்கு 10 வருடம், பெட்ரோல் வண்டிக்கு 15 வருடம் என்பதெல்லாம் டில்லியையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் பற்றிய பேச்சு. நமக்கு 15 வருடம் முடிந்தால் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25இல் விண்ணப்பிக்கலாம். காருக்குக் கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் ஏறும். ஆய்வாளர் பார்த்து ஒப்புக்கொண்டால் இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம். அவர் லைட், பிரேக், டயரோடு, வண்டியின் தகரத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணையும் பார்ப்பார். அந்த எண் துருவில் மறைந்துபோனால்தான் அலைச்சல். அதனால் இப்போதே பானெட்டைத் திறந்து அந்த இடத்தைத் துடைத்துப் பாருங்கள்.

இந்த வண்டியை விற்றால் கையில் வருவது ஒரு நல்ல பைக்கின் விலை. புதுக் கார் என்றால் ஓய்வுப் பணத்தில் ஒரு பெரிய துண்டு போய்விடும். மாதம் நாலு முறை கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக அது எதற்கு? வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்த வீட்டு வாசலில் அது நிற்கப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

தேவனாம்பட்டினம் வேண்டாம். உங்கள் வண்டி இத்தனை வருடம் கடலை விட்டுத் தள்ளியே இருந்திருக்கிறது, உப்புக்காற்று அதற்குப் பழக்கமில்லை. உப்பு தகரத்தில் படிந்தால் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வெயிலடிக்கிற நாளில்கூட உள்மடிப்புகள் காயாது. கதவின் கீழ் விளிம்பில், தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை மண்ணில் அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். பெயின்ட் கொப்புளம் போட்டு நீங்கள் பார்க்கிற அன்று உள்ளே பாதித் தகரம் இருக்காது. அப்புறம் டிங்கரிங், பட்டி, பெயின்ட் என்று போட்டாலும் இரண்டு மழைக்காலத்தில் அதே இடம் மறுபடி பொரியும். பேட்டரித் தட்டு, சைலன்சர், பிரேக் பைப், முன் ஷாக் அப்சார்பர் உட்காரும் இடம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இதைவிட மோசம் போர்வெல் தண்ணீர். கடலோரத் தெருக்களில் பல போர்வெல்களில் உப்புத் தண்ணீர்தான் வரும். வண்டியைக் காப்பாற்றுகிறேன் என்று தினமும் அந்தத் தண்ணீரில் கழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கழுவாமலே விட்டிருக்கலாம்! பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவதும் அங்கே ஆகாது, ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

அடுத்து வெள்ளம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவேதான் கரையேறியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அது ஓய்வதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் ஆற்றோரப் பகுதிகளை மூழ்கடித்தது. அதனால் மஞ்சக்குப்பம் என்றாலும் லாஸ்பேட்டை என்றாலும் ஊர்ப் பெயரை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள், தெருவைப் பாருங்கள். லாஸ்பேட்டை, கோரிமேடு பக்கம் செம்மண் மேடு. கீழே ரெயின்போ நகர், கிருஷ்ணா நகரில் தண்ணீர் நிற்கும். ஆனால் லாஸ்பேட்டைக்குள்ளும் பள்ளமான தெரு இல்லாமலா இருக்கும்?

வீட்டுக்காரரிடம் "தண்ணி வருமா?" என்று கேட்டால் வராது என்றுதான் சொல்வார். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் கேளுங்கள். காம்பவுண்டுச் சுவரில் பழைய தண்ணீர்க் கோடு தெரிகிறதா பாருங்கள். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் இ.பி. மீட்டரைத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தால் காரணம் கேட்கவே வேண்டாம்.

ஒரு நாள் தண்ணீர் வந்தே விட்டது என்றால், வடிந்த பிறகு சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது இன்ஜினைச் சுழலவிட்டால் பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அந்தச் செலவில் இன்னொரு பழைய சான்ட்ரோ வாங்கலாம். பழைய வண்டிதானே என்று தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் போட்டிருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா வராது, அதையும் எடுத்துப் பாருங்கள்.

சரி, மஞ்சக்குப்பமா லாஸ்பேட்டையா? ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது, லாஸ்பேட்டையிலிருந்து பக்கம். கடலூரிலிருந்து என்றால் தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் என்று நெரிசலில் ஊர்ந்து, புதுச்சேரியைக் குறுக்கே கடந்துதான் போக வேண்டும். ஆனாலும் அது வருடத்துக்கு ஆறு நாள். மீதி நாளெல்லாம் நீங்கள் மார்க்கெட்டுக்கும் பேங்குக்கும்தானே போவீர்கள்? கலெக்டர் ஆபீஸ், கோர்ட், அரசு ஆஸ்பத்திரி எல்லாம் மஞ்சக்குப்பம் வட்டாரத்திலேயே இருக்கின்றன. ரயிலுக்குத் திருப்பாதிரிப்புலியூர் இருக்கிறது. புதுச்சேரிக்குப் பஸ்ஸுக்கும் குறைவில்லை. செக்கப் மாதம் இரண்டு தடவை என்று ஆனால் யோசிக்காமல் லாஸ்பேட்டைக்குப் போய்விடுங்கள்.

வண்டிக் காகிதத்துக்கும் மஞ்சக்குப்பம்தான் சுலபம். உங்கள் டி.என்.31 எண் அப்படியே இருக்கும், முகவரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். புதுச்சேரியில் குடியேறினால் 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டு எண்ணோடு வைத்திருக்க முடியாது. இங்கே தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே வரி கட்டி, பி.ஒய். எண் வாங்க வேண்டும். 15 வருட வண்டிக்கு இந்த வயதில் அந்த அலைச்சல் தேவையா?

சந்து விஷயத்தில் மட்டும் ஒன்று. முன்பணம் கொடுக்கும் முன் சான்ட்ரோவை ஓட்டிக்கொண்டு போய், உள்ளே விட்டு, ரிவர்ஸில் வெளியே எடுத்துப் பாருங்கள். மாலை ஆறு மணிக்குப் பாருங்கள், எதிர்வீட்டு பைக்கெல்லாம் வந்து நிற்கிற நேரம் அதுதான். மேலே ஒரு ஷீட்டாவது போட விடுவாரா என்றும் கேளுங்கள்.

வண்டி குறைவாக ஓடியிருக்கிறது என்று சந்தோஷப்படுவதோடு நிற்காதீர்கள். சான்ட்ரோ இன்ஜினில் டைமிங் பெல்ட் என்று ஒரு ரப்பர் பெல்ட் இருக்கிறது. ரப்பர் கிலோமீட்டரை மட்டும் பார்த்து வயதாவதில்லை. எப்போது மாற்றினோம் என்று ஞாபகம் இல்லாவிட்டால் இப்போதே மாற்றுங்கள், பிரேக் ஆயிலையும் சேர்த்து. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 3217 என்றால் 2017ஆம் வருடம் 32ஆம் வாரம் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் அந்த வயது டயரை மாற்றிவிடுங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வருகிறது, பழைய ஃபியூல் ஹோஸ்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஹோஸ் வெடித்திருக்கிறதா, வாடை வருகிறதா என்று சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள். மைலேஜ் கொஞ்சம் குறையும், அதற்காக மெக்கானிக்கைத் திட்டாதீர்கள்.

கேள்வி: அண்ணா, நான் செம்மண்டலத்தில் குடியிருக்கிறேன். மாமா வீடு புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரில். அவர் முகவரியில் பி.ஒய். நம்பர் போட்டு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினால் வரி மிச்சம் என்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகர், கடலூர்

பதில்: வேண்டாம் தம்பி. கேரளத்தில் இப்படிப் புதுச்சேரி முகவரியில் சொகுசு கார் வாங்கியவர்கள்மீது வழக்கே போட்டார்கள். உன் கார் சின்னதுதான், ஆனால் தினமும் செம்மண்டலத்தில் நிற்கிற வண்டிக்கு விதி ஒன்றுதான். மிச்சம் பிடித்த வரியை ஒரு வாகனச் சோதனையில் கேட்டு வாங்கிவிடுவார்கள். நாளைக்கு வண்டியை விற்க வேண்டுமென்றால் மாமா வந்து கையெழுத்துப் போட வேண்டும், அன்றைக்கு அவரோடு பேச்சுவார்த்தை இருக்க வேண்டுமே!

கேள்வி: கடலூரில் இருந்துகொண்டு புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடை போய்ப் பெட்ரோல் போட்டால் லாபமா?
– ஒரு வாசகர், புதுப்பாளையம்

பதில்: லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பது உண்மை. ஐந்து என்றே வைத்துக்கொள்வோம், 30 லிட்டர் போட்டால் 150 ரூபாய் மிச்சம். போய்வர 20 கிலோமீட்டர் என்று வையுங்கள். லிட்டருக்கு 15 கொடுக்கிற வண்டி என்றால் ஒன்றேகால் லிட்டருக்கு மேல் குடிக்கும், 130 ரூபாய் அங்கேயே போயிற்று. மீதி 20 ரூபாய்க்கு ஞாயிற்றுக்கிழமை பங்க் வரிசையில் நிற்க வேண்டும். வேறு வேலையாகப் புதுச்சேரி போனால் திரும்பும்போது போட்டுக்கொள்ளுங்கள்.