சீட்டில் எழுதியது ஒன்று, பெட்டியில் வந்தது ஒன்று

கேள்வி: என் தந்தைக்கு உறங்கும்போது நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் தொடர்ச்சியாக ஆக்ஸிஜன் தர வேண்டும் என்று மருத்துவர் சீட்டு எழுதினார். அதைப் பார்த்த கடைக்காரர், ‘5 லிட்டர் வரை வரும்’ என்று கையடக்க ஆக்ஸிஜன் கருவி ஒன்றை விற்றார். இரவில் மூச்சுத் திணறுகிறது. திருப்பி எடுக்க மறுக்கிறார்.
- வாசகி, மேலூர்

பதில்: அம்மா, இன்றே மருத்துவரிடம் சொல்லி வேறு கருவிக்கோ சிலிண்டருக்கோ ஏற்பாடு செய்யுங்கள்; கடைக்காரரை நாளை பார்த்துக்கொள்ளலாம். கையடக்கக் கருவிகளில் பல, மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும் ஆக்ஸிஜனை விட்டுவிட்டுத் தருபவை. அவற்றில் 5 என்பது கருவியில் வைக்கும் வெறும் நிலை எண்ணே தவிர, நிமிடத்துக்கு 5 லிட்டர் அன்று. உங்கள் கருவி பழுதன்று. அதன் திறனைத் தவறாகச் சொல்லி விற்றதுதான் குற்றம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது முறையற்ற வணிகம். சீட்டையும் ரசீதையும் படமெடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்யுங்கள். பணியாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை; 2 ஆண்டுகள் வரை அவகாசமும் உண்டு.

இங்கே என் நெடுநாள் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியை வாசலில் இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதற்குப் பெயர் விநியோகம் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒரு குளிர்சாதனப் பெட்டிக்குக் கிடைக்கும் மரியாதைகூட நோயாளிக்குக் கிடைப்பதில்லை. வந்தவர் கருவியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, வடிகட்டியைக் கழுவும் முறையை வீட்டில் இருவருக்காவது செய்து காட்டி, மின்சாரம் போனால் என்ன செய்வது என்று சொல்லி, இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணைத் தந்துவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். மறுநாள் ஒருமுறை அழைத்து விசாரிக்கும் கடைக்கு நான் நூறு ரூபாய் கூடவே கொடுப்பேன்.

கேள்வி: இரத்த அழுத்தமானி வீட்டில் 160 காட்டுகிறது, மருத்துவரிடம் 135தான். கருவி பழுதா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: முதலில் கைப்பட்டையைப் பாருங்கள். மலிவாகக் கிடைத்ததென்று நானும் ஒன்று வாங்கி, ஒரு மாதம் கலங்கிப்போயிருந்தேன். என் பருத்த கைக்கு அந்தப் பட்டை சிறியது என்று மருத்துவமனைச் செவிலியர்தாம் கண்டுபிடித்தார். பட்டை சிறுத்தால் எண் ஏறும். கையின் சுற்றளவை அளந்து, பட்டையில் அச்சிட்டுள்ள அளவோடு ஒப்பிடுங்கள். கருவியையும் ஒருமுறை மருத்துவரிடம் எடுத்துச் சென்று சரிபாருங்கள்.

கேள்வி: செவித்திறன் சோதனை செய்யாமல் இணையத்தில் காதுக்கருவி வாங்கினேன். இரைச்சல் மட்டுமே கேட்கிறது.
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: வேறென்ன கேட்கும்?

கேள்வி: வரி மிச்சமாகும் என்று ரசீதில்லாமல் வாங்கிய சக்கர நாற்காலி, பத்தே நாளில் அச்சு முறிந்துவிட்டது.
- வாசகர், சோழவந்தான்

பதில்: ரசீது தராததும் முறையற்ற வணிகமே என்று கடைக்காரர் மீது புகார் எழுதலாம். ஆனால் அவரிடம்தான் வாங்கினீர்கள் என்பதற்கு, இணையவழிப் பணம் செலுத்திய பதிவாவது வைத்திருக்கிறீர்களா, அல்லது அதையும் ரொக்கமாகவே நீட்டிவிட்டீர்களா?