டயல் டோன் எங்கே போச்சு?

கேள்வி: போன மாதம் ஃபைபர் இணைப்பு வாங்கினோம். வைஃபை நன்றாக வருகிறது. பெட்டியின் பின்னால் ‘டெல்’ என்று போட்டிருந்த துளையில் எங்கள் பழைய லேண்ட்லைன் போனைச் செருகினால் சத்தமே இல்லை. போன் கெட்டுவிட்டதா?
– வாசகி, கும்பகோணம்

போன் மேல் பழி போடாதீர்கள், அம்மா. நான் முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் குப்பை கொட்டியவன். அப்போதெல்லாம் டயல் டோன் எங்களிடமிருந்து செம்புக் கம்பி வழியாக உங்கள் வீட்டுக்கு வரும். இப்போது உங்கள் வீட்டுப் பெட்டியே டோனைப் போடுகிறது. ஆனால் சும்மா போடாது. நிறுவனத்தின் சர்வரிடம் தன் எண்ணையும் பாஸ்வேர்டையும் சொல்லிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பெட்டியின் முகப்பில் போன் படம் போட்ட விளக்கு எரியவில்லை என்றால் பதிவு ஆகவில்லை என்று அர்த்தம்.

“நெட் வருகிறதே, போன் மட்டும் ஏன் வராது?” என்று கேட்பீர்கள். பல நிறுவனங்களில் பேச்சுக்கு என்று தனிப் பாதை உண்டு, விலேன் என்பார்கள். அந்தப் பாதைக்குரிய எண்ணைப் பெட்டியில் தப்பாகப் போட்டால் நெட் ஓடும், போன் ஊமை. சேவை மையத்தைக் கூப்பிட்டு, “வாய்ஸ் ரிஜிஸ்டர் ஆகவில்லை” என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கிருந்தபடியே சரிசெய்துவிடுவார்கள்.

சரி, என் கதையையும் கேளுங்கள். ஒருநாள் வைஃபை மெதுவாக வருகிறதென்று ரீசெட் துளையில் ஹேர்பின்னை விட்டு அழுத்தினேன். அரை மணியில் வைஃபை வந்துவிட்டது. போனின் எண், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துபோய் நாலு நாள் போன் இல்லை. “ஊருக்கெல்லாம் போன் கொடுத்த மனுஷன்” என்று வீட்டம்மா சொல்லிக்காட்டாத நாளில்லை. அந்தத் துளையைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. எல்லா அறையிலும் மணி அடிக்கட்டும் என்று பெட்டியைச் சுவரில் உள்ள பழைய போன் சாக்கெட்டோடு இணைப்பதானால், வெளியிலிருந்து வரும் செம்புக் கம்பியை முதலில் கழற்றிவிடுங்கள். அதில் சும்மா இருக்கும்போதே 48 வோல்ட் இருக்கும். மணி அடித்தால் இன்னும் அதிகம். பெட்டி தாங்காது.

கேள்வி: சாதாரண போனை இணையம் வழியாகப் பேச வைக்கும் போன் அடாப்டர் ஒன்றைத் தனியாக வாங்கி என் ரௌட்டரில் மாட்டினேன். நான் பேசுவது எதிராளிக்குக் கேட்கிறது. அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை.
– வாசகர், திருப்பூர்

மணி அடிக்கச் சொல்லும் தகவல் ஒரு வழியில் போகும், பேச்சு வேறு வழியில் போகும். உங்கள் அடாப்டர் “பேச்சை இங்கே அனுப்பு” என்று 192.168 என்று தொடங்கும் வீட்டுக்குள் முகவரியைக் கொடுத்திருக்கும். “மாடி வீடு, பின்கட்டு” என்று மட்டும் எழுதினால் தபால்காரர் எந்தத் தெருவில் தேடுவார்? இதைத் திருத்த ரௌட்டரிலேயே ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ என்று ஒரு வசதி உண்டு. உதவுகிறேன் என்று வந்து அதுவே குட்டையைக் குழப்புவதுதான் வழக்கம். முதலில் அதை அணையுங்கள். அப்புறம், அடாப்டருக்கு அதன் வெளி முகவரியைச் சொல்லிக்கொடுக்கும் ஸ்டன் சர்வரின் முகவரியைச் சேவை தருபவர் கொடுத்திருந்தால் அதை அடாப்டரில் போட்டு, ரௌட்டர், அடாப்டர் இரண்டையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

கேள்வி: லேண்ட்லைனுக்குப் போகிறது, செல்போனுக்குப் போகவில்லை.
– வாசகர், நாகர்கோவில்

செல்போன் எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் போட்டீர்களா? லேண்ட்லைனிலிருந்து செல்போனைக் கூப்பிட 2021 ஜனவரி 15 முதல் அதுதான் விதி.

கேள்வி: கரண்ட் போனால் போனும் போய்விடுகிறது. முன்பு அப்படி இல்லையே?
– வாசகி, தென்காசி

முன்பு எங்கள் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து கம்பி வழியாகவே உங்கள் போனுக்கு மின்சாரம் வந்தது. ஃபைபரின் கண்ணாடி இழையில் வெளிச்சம்தான் வரும், மின்சாரம் வராது. ரௌட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் விற்கிறார்கள். வாங்குமுன் உங்கள் ரௌட்டரின் கரண்ட் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும். தெருவில் இழையைப் பிரிக்கும் பெட்டிக்கு மின்சாரம் தேவையில்லை. ஆகவே நிறுவனத்தின் பக்கம் பேட்டரி ஓடினால் இருட்டிலும் பேசலாம்.

தாத்தா காலத்துச் சுழற்றும் போனை மாட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம். ஆனால் பல பெட்டிகளுக்கு அந்தச் சுழற்றல் புரியாது. வருகிற அழைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.