சித்தப்பாவிடம் கேட்கப்படாத கேள்வி

மதிப்பிற்குரிய ஐயா,

சேலத்தில் இளங்கலை உளவியல் முடித்திருக்கிறேன். அடுத்துச் சட்டம் படித்து, மனநலம் பாதிக்கப்பட்டோரின் உரிமைகளை ஆய்வு செய்ய விரும்புகிறேன். மனநலம் பாதிக்கப்பட்ட எங்கள் சித்தப்பாவின் பங்கு நிலத்தை விற்றபோது, 'அவனுக்கு என்ன தெரியும்' என்று சொல்லி, அவருடைய விருப்பத்தை யாரும் கேட்கவே இல்லை. கையெழுத்து மட்டும் வாங்கினார்கள். இரண்டு படிப்பு படித்தால் எதிலும் காலூன்ற முடியாது என்கிறார்கள் வீட்டில். தங்கள் கருத்து என்ன?

வாசகி, சேலம்

அன்புள்ள வாசகிக்கு,

சித்தப்பாவைப் பற்றிய அந்த வரிதான் உங்கள் ஆய்வுப்பொருள் என்று நினைக்கிறேன். 'அவனுக்கு என்ன தெரியும்' என்பதை நம் வீடுகளில் யாரும் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. எதைப் பற்றி, எந்த நேரத்தில், எவ்வளவு தெரியும் என்று பொறுமையாக விசாரிக்க உளவியல் கற்றுத்தருகிறது. அப்படி விசாரிக்காமல் ஒருவரின் உரிமையில் கைவைக்கக் கூடாது என்று தடுக்கச் சட்டம் வேண்டியிருக்கிறது.

ஏற்காட்டில் எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் காதில் குரல்கள் கேட்கும். ஆனால் சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக்கொடியில், சரத்துக்கு ஒன்றிரண்டு மணி சிவந்திருக்கிறதா என்று விரலால் திருப்பிப் பார்த்த பிறகே பறிப்பார். அவருடைய கூலியை மட்டும் அண்ணன் வாங்கிக்கொள்வார்.

மனநலம் குன்றியவரும் தெளிவோடு இருக்கும் வேளையில் ஒப்பந்தம் செய்யலாம் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே சொல்லியிருக்கிறது. மனநோய் இருப்பதாலேயே ஒருவரைச் சித்தசுவாதீனம் அற்றவராகக் கருதக் கூடாது, அதற்குத் தகுதியுள்ள நீதிமன்றத்தின் அறிவிப்பு வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். சிகிச்சை குறித்து அவர் எடுக்கும் முடிவு பிறர் கண்ணுக்குத் தவறாகப் படுவதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்றாகிவிடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. அந்தத் திறனை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு உளவியலாளர் தாமஸ் கிரிசோவும் மனநல மருத்துவர் பால் ஆப்பெல்பாமும் அமெரிக்காவில் விடை தேடினார்கள். 1995இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், மனச்சிதைவுக்காக மருத்துவமனையில் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் எல்லா அளவீடுகளிலும் போதிய திறனைக் காட்டினார்கள். சட்டம் மட்டும் படித்தவருக்கு இந்த ஆய்வு கண்ணில் படாமல் போகலாம், உளவியல் மட்டும் படித்தவருக்கு அந்தப் பிரிவுகள் தெரியாமல் போகலாம். நீங்கள் காலூன்ற வேண்டிய இடம் இதுதான்.

மூன்றாண்டு சட்டப் படிப்புக்குச் சேலத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, தயங்காமல் சேருங்கள். அதற்கு முன், அந்த நிலத்தைப் பற்றிச் சித்தப்பாவிடம் கேளுங்கள். அவர் விரும்பினால், அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொண்டு, அவரையும் அழைத்துக்கொண்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். மனநலம் பாதிக்கப்பட்டோர் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு.