வயதானவர் விழுந்துவிட்டதை வாட்ச் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

விழுந்தவரால் போனை எடுக்க முடியாதபோது, அவருக்காகக் கையில் கட்டிய ஸ்மார்ட்வாட்ச்சே உதவிக்கு அழைக்கும் வசதி இது. உள்ளிருக்கும் சென்சார் கையின் வேகமாற்றத்தை அளந்துகொண்டே இருக்கும். பலத்த அடி, அதன்பின் அசைவே இல்லை என்றால் விழுந்ததாகக் கணக்கு. ஆப்பிள் வாட்ச் சுமார் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அவசர எண்ணை அழைக்கும். சிம் வசதி இல்லாத மாடலுக்குப் போன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அரிசி மூட்டையைத் தொப்பென்று போட்டால் தரை அதிரும். மெல்லச் சாய்த்து இறக்கினால் அதிராது. நாற்காலியிலிருந்து மெதுவாகச் சரிந்தவரை வாட்ச் கோட்டைவிடுவது இதனால்தான். அப்படிச் சரிந்தால் வாட்ச்சில் உள்ள அவசர பட்டனை அழுத்த அவரைப் பழக்குங்கள். பலர் குளிக்கும்போது கழற்றிவிடுகிறார்கள், வழுக்குவதே அங்கேதான்! சார்ஜை இரவில் போடாதீர்கள், டிவி பார்க்கும் நேரத்தில் போடலாம். ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது கையில் இருக்க வேண்டும்.

வாட்ச் கட்டிவிட்டால் விழமாட்டார்கள் என்று நினைப்பது தவறு. அது தகவல்தான் சொல்லும், தடுப்பதற்குச் சுவரில் போல்ட் போட்ட கைப்பிடிக் கம்பி வேண்டும், துண்டு போடும் கம்பி ஆளின் எடையைத் தாங்காது.