எந்த வண்டி, எந்த வருடம்? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

என் அப்பா விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாகச் சேர்ந்து டிரைவராக ஓய்வு பெற்றவர். அடுத்த வருடம் அவருக்குச் சதாபிஷேகம். அவர் ஓட்டிய மீட்டர் கேஜ் நீராவி இன்ஜினை, மூன்று பெட்டிகளோடு, மாடலாகச் செய்து கொடுக்க ஆசை. அப்பாவுக்குத் தெரியாமல் செய்து மண்டபத்தில் வைத்துத்தான் காட்டவேண்டும் என்று அண்ணனும் நானும் பேசி வைத்திருக்கிறோம். ஆர்டர் எடுத்துச் செய்பவர் ஒருவரிடம் கேட்டேன். இன்ஜினுக்கு மட்டும் ஒன்றரை லட்சம், பத்து மாதம் ஆகும் என்றார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எந்த நம்பர், எந்த வருடம், எந்தக் கம்பெனி கட்டியது என்று ஒரு பக்கத்துக்குக் கேள்வி அனுப்பியிருக்கிறார். அதற்குப் பதில் வராமல் தகட்டைத் தொடமாட்டாராம். "பொம்மைக்கு இவ்வளவா? வெளிநாட்டு மாடல் ஒன்றை வாங்கிப் பெயின்ட் மாற்றலாம், இல்லாவிட்டால் த்ரீடி பிரின்ட் போடலாம்" என்கிறார் அண்ணன். நான் என்ன செய்வது? நீங்களே செய்து தர முடியுமா?

ஒரு வாசகி, விழுப்புரம்

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். என்னால் முடியாது. ஒப்புக்கொண்ட வேலைகளே இரண்டு வருடத்துக்கு இருக்கின்றன. ஆனால் நீங்கள் பேசிய அந்த மனிதரை விட்டுவிடாதீர்கள். கேள்வி கேட்காமல் அட்வான்ஸ் வாங்குகிறவரிடம் கொடுத்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

அப்பா ஓட்டியது அநேகமாக ஒய்பி வகை இன்ஜினாக இருக்கும். முன்னால் நான்கு சிறு சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு. பாசஞ்சர், எக்ஸ்பிரஸ் வண்டிகளை இழுத்தது. 1949 முதல் 1970 வரை 871 இன்ஜின்கள் வந்தன. அமெரிக்காவின் பால்ட்வின் 20, கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் 100, ஜெர்மனியின் கிராஸ்-மாஃபை 200, மீதி 551 ஜாம்ஷெட்பூரில் டெல்கோ கட்டியவை. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அருகில் போனால் அப்படி இல்லை. நாற்பது வருடத்தில் ஒரு வண்டி எத்தனையோ தடவை ஒர்க்‌ஷாப் போய் வரும். ஒவ்வொரு தடவையும் ஏதாவது மாறும். ஹெட்லைட் மாறும், குழாய் ஒன்று இடம் மாறும், வேறு வண்டியின் டெண்டர், அதாவது இன்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கிற பகுதி, இதற்கு வந்து சேரும். அதனால்தான் நம்பரும் வருடமும் கேட்கிறார். "ஒரு ஒய்பி" என்று மாடல் செய்யவே முடியாது. குறிப்பிட்ட ஒரு வண்டியை, அதன் வாழ்க்கையில் ஒரு குறிப்பிட்ட காலத்தில் இருந்தபடிதான் செய்யமுடியும்.

இப்போது அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். வெளிநாட்டு மாடலின் சக்கர இடைவெளி, கேப் (டிரைவர் நிற்கிற அறை), டெண்டர் எதுவும் நம் வண்டிக்குப் பொருந்தாது. ஒய்பியைப் பக்கவாட்டில் பார்த்தால் பாய்லர் உயரத்தில் இருக்கும், அதற்கும் சக்கரங்களுக்கும் நடுவில் மறுபக்க வெளிச்சம் தெரியும். அந்த வெளிச்சம் தெரியாத வண்டியை எந்தக் கறுப்புப் பூசிக் கொடுத்தாலும் அப்பா ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். த்ரீடி பிரின்ட்டை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. டோம், பம்ப், இன்ஜெக்டர் மாதிரி உருண்டு திரண்ட சின்ன உறுப்புகளுக்கு இப்போது நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் மெல்லிய தகடும் கம்பியும் அந்தப் பிரின்ட்டுக்குப் பயன்படுகிற ரெசினில் நிற்பதில்லை. நம் ஊர் மே மாத வெயிலில் நீண்ட ரெசின் பாகம் வளைந்துகொள்ளும். கேப் ஏறுகிற இடத்துக் கைப்பிடி பித்தளைக் கம்பியாகத்தான் இருக்கவேண்டும்.

அளவு பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் முதலில் முடிவு செய்யவேண்டியது அதுதான். ஒய்பி டெண்டரோடு சேர்த்து ஏறக்குறைய 19 மீட்டர். உலகம் முழுக்க அதிகம் விற்கும் எச்ஓ அளவில், அதாவது 87-ல் ஒரு பங்கில், 22 சென்டிமீட்டர் வரும். எண்பது வயதுக் கண்ணுக்கு அது சிறிது. 43.5-ல் ஒரு பங்கு என்றால் 44 சென்டிமீட்டர். ஷோகேஸில் அடங்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் கேப்புக்குள் இருக்கிற வால்வுகள் வரை தெரியும். அதையே சொல்லுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். இந்த அளவில் கடையில் கிடைக்கிற சக்கரமும் தண்டவாளமும் 32 மில்லிமீட்டர் அகலம். அதை 43.5-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1392 மில்லிமீட்டர் வரும். மீட்டர் கேஜ் என்றால் தண்டவாளங்களுக்கு நடுவில் 1000 மில்லிமீட்டர், அதற்கு இந்த அளவில் 23 மில்லிமீட்டர்தான் இருக்கவேண்டும். சுலபமாக முடிப்பதற்காகச் சிலர் 32-லேயே வைத்துக் கொடுத்துவிடுவார்கள். குறுகலான பாதையில் அகலமான வண்டி என்பதுதான் மீட்டர் கேஜின் அழகு, அது அங்கேயே போய்விடும். எழுத்திலேயே 23 என்று வாங்கிக்கொள்ளுங்கள்.

மோட்டார் வேண்டாம். மண்டபத்தில் ஓட்டிக் காட்டவேண்டும் என்று ஆசை வரும். ஓடுகிற வண்டி சின்ன வளைவில் திரும்புவதற்காக உள்ளே நிறைய இடங்களில் வெட்டி விடவேண்டியிருக்கும். அந்தச் செலவும் நேரமும் மற்ற வேலைக்குப் போகட்டும். ஆனால் கையால் மெதுவாகத் தள்ளினால் சக்கரத்தோடு ராடுகள் சுற்றவேண்டும், பிஸ்டன் உள்ளே போய் வரவேண்டும். டிரைவராக இருந்தவர் முதலில் அதைத்தான் செய்து பார்ப்பார்.

பணத்துக்கு வருகிறேன். இந்த அளவில் ஒரு நீராவி இன்ஜினுக்கு எனக்கு 450 மணி நேரம் ஆகிறது. தகடு, வார்ப்பு உறுப்புகள், சக்கரம், பெயின்ட் எல்லாம் சேர்த்து 37,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை லட்சத்தில் மிச்சம் 1,12,500. மணிக்கு 250 ரூபாய். வீட்டுக்கு வந்து ஃபேன் மாட்டிவிட்டுப் போகிறவருக்கு நாம் இதைவிடக் குறைத்துக் கொடுப்பதில்லை.

அந்த மணி நேரங்கள் எங்கே போகின்றன என்று தெரிந்தால் உங்களுக்குப் பேசச் சுலபமாக இருக்கும். டெண்டரின் பக்கத் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 0.3 மில்லிமீட்டர் பித்தளை. ரிவெட் தெரிகிற டெண்டராக இருந்தால், தகட்டின் பின்பக்கத்திலிருந்து மழுங்கிய ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தவேண்டும். முன்பக்கத்தில் கடுகில் கால் பங்குகூட இல்லாத ஒரு புடைப்பு வரும். ஒரு வரிசையில் நாற்பதாவது ரிவெட் அரை மில்லி விலகினாலும் அந்தத் தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டவேண்டியதுதான், ஏனென்றால் வரிசை கோணினால் பெயின்ட் அடித்த பிறகு இன்னும் பளிச்சென்று தெரியும். பற்றவைப்பதும் அப்படித்தான். பாய்லருக்கும் சட்டத்துக்கும் 188 டிகிரியில் உருகுகிற ஈயம். அதன்மேல் சேர்கிற உறுப்புகளுக்கு 145 டிகிரி. கடைசியில் வெள்ளீய வார்ப்புகளுக்கு 70 டிகிரி. வரிசை மாறினால் புதிதாக ஒன்றை ஒட்டும்போது ஏற்கெனவே ஒட்டியது கழன்று விழும். அதனால் முதல் தகட்டை வெட்டும்போதே கடைசியில் ஒட்டப்போகிற குழாய் வரைக்கும் மனதில் இருக்கவேண்டும். பாதியில் வந்து "ஹெட்லைட் இது இல்லை, அது" என்று நீங்கள் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெட்டிகளை விட்டுவிடுங்கள் என்பேன். ஒரு மீட்டர் கேஜ் பெட்டியில் எத்தனை ஜன்னல், ஒவ்வொரு ஜன்னலிலும் எத்தனை குறுக்குக் கம்பி என்று எண்ணிப் பாருங்கள், அத்தனையும் தனித்தனிக் கம்பி. மூன்று பெட்டி என்றால் இன்ஜினைவிட அதிக நாள் பிடிக்கும். சரியாகச் செய்ய நேரம் இல்லாத பெட்டிகள் நல்ல இன்ஜினையும் கெடுத்துவிடும்.

பெட்டியில் நான் பட்டது ஒன்று இருக்கிறது. ஓய்வுபெற்ற ரயில் கார்டு ஒருவருக்காக பிரேக் வேனோடு (கார்டு இருக்கிற பகுதி) சேர்ந்த பழைய சிவப்புப் பெட்டி ஒன்று செய்தேன். வண்ணத்துக்கு அச்சில் வந்த ஒரு புகைப்படத்தை நம்பினேன். குடும்பத்தார் ரகசியமாகச் செய்யச் சொல்லியிருந்ததால் அவரிடம் கேட்கவில்லை. கையில் வாங்கியதும் ஜன்னல், படி, விளக்குக் கொக்கி எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார், சந்தோஷப்பட்டார். விடைபெறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க பெட்டி செங்கல் மாதிரி இருக்கும் தம்பி, இது குங்குமம் மாதிரி இருக்கு" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. திரும்ப வாங்கிவந்து பெயின்ட் முழுவதையும் உரித்து, நான்கு சிறு தகடுகளில் நான்கு சிவப்புப் பூசி அவர் வீட்டுக்கு எடுத்துப்போனேன். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்கக்கூடாது என்று வாசல் திண்ணையில் வைத்துக் காட்டினேன். இரண்டாவதைத் தொட்டார். மூன்று வாரம் கூடுதலாக ஆனது, பரவாயில்லை. முதலிலேயே அவரிடம் போயிருக்கவேண்டும்.

இதைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்லவேண்டும். ரகசியத்தை விட்டுவிடுங்கள். அந்த ஒரு பக்கக் கேள்விகளில் பாதிக்கு மேல் பதில் உங்கள் அப்பாவிடம் மட்டும்தான் இருக்கிறது. ஸ்டேஷன் வாசல்களில் நிறுத்தி வைத்திருக்கும் பழைய இன்ஜின்களை அளந்து பார்க்கலாம், உறுப்புகளின் இடம் தெரிந்துகொள்ள அவை உதவும். ஆனால் அவற்றில் பாதிக் குழாய்கள் போயிருக்கும், வேலையில் இருந்தபோது இல்லாத வண்ணம் எல்லாம் பூசியிருப்பார்கள். அவை அப்பாவின் வண்டியைப் பற்றி எதுவும் சொல்லாது.

அவரிடம் கேட்கும்போது "இன்ஜின் எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "பெருசா இருந்தது" என்பார், முடிந்துவிடும். கை செய்த வேலையைக் கேளுங்கள். தூக்குச்சட்டியை எங்கே மாட்டுவீர்கள்? டிரைவர் இடது பக்கம், ஃபயர்மேன் வலது பக்கம், சரி, உட்கார இடம் இருந்ததா, என்ன போட்டு உட்காருவீர்கள்? ஷவலை எங்கே சாய்த்து வைப்பீர்கள்? தண்ணீர் பிடிக்க டெண்டர் மேல் எந்தப் பக்கமாக ஏறுவீர்கள்? டெண்டரில் என்ன எழுதியிருந்தது, எந்த மொழியில்? கரி கட்டியாக வந்ததா, தூளா? இந்தக் கடைசிக் கேள்வி விளையாட்டு இல்லை. கைமுஷ்டி அளவுக் கரி இந்த அளவில் இரண்டே கால் மில்லி. நான் நிஜக் கரியை உடைத்து டீ வடிகட்டியில் சலித்துத்தான் டெண்டரில் போடுகிறேன். எந்த ஷெட்டுக்கு எப்படிப்பட்ட கரி வந்தது என்பது தெரிந்தால் டெண்டரின் மேல்பக்கமே மாறிவிடும்.

அப்பா பேசும்போது போனில் பதிவு செய்து, அப்படியே அந்த மனிதருக்கு அனுப்புங்கள். எழுதி அனுப்பினால் பாதி விட்டுப்போகும். பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள். இரண்டாவது தவணைக்கு முன்னால், பெயின்ட் அடிக்காத வெறும் பித்தளையாக இருக்கும்போது, அப்பாவையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அந்தக் கட்டத்தில் தவறு இருந்தால் திருத்தலாம், பெயின்ட்டுக்குப் பிறகு எல்லாமே கஷ்டம். சுத்தமாகத் துடைத்து ஷெட்டிலிருந்து கிளம்பும் வண்டியா, திருச்சி போய்ப் புகையும் எண்ணெயுமாகத் திரும்பி வந்த வண்டியா என்பதையும் அவரே சொல்லட்டும். எதுவானாலும் சுத்தக் கறுப்பு மட்டும் வேண்டாம். சிறிய பொருளில் வண்ணம் எப்போதும் ஒரு படி கருத்துத் தெரியும். கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் காவி கலக்கச் சொல்லுங்கள்.

அப்பா நம்பரைச் சொன்னதும் எனக்கும் எழுதுங்கள். மீட்டர் கேஜ் காலத்தில் விழுப்புரத்தில் எடுத்த படங்கள் கொஞ்சம் என்னிடம் இருக்கின்றன. அந்த வண்டி அதில் இருந்தால் அனுப்பி வைக்கிறேன்.